பஞ்சு போகும் திசை

ஜூன் பிறந்தால் அல்மாட்டியில்
பாப்லர் மரங்களுக்குப் புத்தி பேதலித்துவிடும்.
தெருவெல்லாம் பஞ்சு. தேநீரில் பஞ்சு.
டாக்டர் வேரா பாக்கின் இமைமேலும் ஒன்று.
ஊதித் தள்ளியபடியே சொல்கிறாள்:
"ரௌஷான், ஏழாம் மாடியில் இயக்குநர் வேகிறாராம்."

வேகட்டும்.
பதினோரு மாடி இந்த மருத்துவமனைக்கு,
மாடிக்கு ஒரு வானிலை.
அறுவை அரங்கில் பல் கிட்டும்.
தீக்காயப் பிரிவில் முப்பது டிகிரி:
தோல் போனவர்களுக்கு அங்கே காற்றுதான் போர்வை.
பிணவறைக்கு நாலு.
அங்கிருந்து மட்டும்
இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

பகலெல்லாம் நான் மொட்டைமாடியில்.
காற்றை இழுக்கும் வாயில் அப்பிய பஞ்சை
ஆட்டுத்தோல் உரிப்பதுபோல உரிக்கிறேன்.
வாக்கிடாக்கியில் தோக்தார் கரகரக்கிறான்:
"மெத்தை தைத்து விற்போமா அக்கா?"

இரவு ஒன்றரைக்கு மூன்றாம் மாடி, அறை 309.
அந்த அறைக்குள் காற்று போகலாம்,
கதவு வழியே திரும்பி வரக்கூடாது.
உள்ளே எர்மெக்,
சீன எல்லைவரை வெங்காயம் ஏற்றிப்போன லாரிக்காரர்.
காசநோய், மருந்துக்கு மசியாத வகை.
ஐந்து மாதமாய் அவர் விட்ட மூச்செல்லாம்
கூரையில் ஒரு தனிக் குழாய் ஏறி
வடிகட்டி தாண்டி வானத்துக்குப் போகிறது.
"சுங்கச்சாவடி இல்லாத சாலை" என்பாராம்
நர்ஸ் ஜிபெக்கிடம்.

கதவடியில் மண்டியிட்டு
மெல்லிய தாள் ஒன்றைப் பிடிப்பேன்.
நுனி உள்ளே வளைந்தால் சரி.
சுவரில் மானி உண்டு, பச்சை விளக்கும் உண்டு.
ஆனால் தாளுக்குச் சம்பளம் இல்லை,
பொய் சொல்லி அதற்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.
என் முகத்தை எர்மெக் பார்த்ததில்லை.
ஒருநாள் உள்ளிருந்து ஒரு விரல் வந்து
தாளின் நுனியைத் தொட்டுவிட்டுப் போனது.

யாரோ தாழ்வாரத்து ஜன்னலைத் திறந்துவைப்பார்கள்.
தரையில் உருளும் பஞ்சு
309ஐ நெருங்கியதும் வேகம் பிடிக்கும்,
யாரோ கூப்பிட்டதுபோல
கதவின் கீழ் நுழைந்துவிடும்.
அந்த மூலையை மட்டும் பெருக்காதே என்று
கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.
ஜன்னல் திறவாத அறைக்கு
ஜூன் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

நேற்று, தாளை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டேன்.
கதவின் கீழிருந்து
ஒரு பஞ்சு வெளியே வந்தது.
பின்னாலேயே இன்னொன்று.
பிறகு அவர் சேர்த்துவைத்தது முழுவதும்,
கலைந்த மந்தைபோல.

மானி சத்தியம் செய்கிறது: எல்லாம் சரி.
பச்சை விளக்கு கண்கூடச் சிமிட்டவில்லை.

ஈரத் துண்டைக் கதவடியில் திணித்தேன்.
ஜிபெக் தாழ்வாரத்தைக் காலிசெய்தாள்.
லிஃப்ட் கூரைவரை போகாது,
கடைசி இரண்டு மாடி என் முழங்கால்கள்தான்.
உள்ளே தள்ளும் காற்று தள்ளிக்கொண்டிருக்க
வெளியே இழுக்கும் விசிறி
அறுந்த பெல்ட்டோடு சும்மா நின்றது.
தோக்தார் கொண்டுவந்த பெல்ட் ஒரு அளவு சின்னது.
அவன் திரும்பி ஓடினான்.
நான் விசிறியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
தெற்கே மலை, இருட்டிலும் வெளுத்த பனி.
அங்கிருந்து இறங்கிய காற்று
வடிகட்டி கேட்காமல் என் கழுத்தைத் தொட்டது.

இரண்டு நாற்பதுக்கு விசிறி இருமி எழுந்தது.

துண்டை எடுத்தேன்.
தரையில் மிஞ்சிய ஒரே ஒரு பஞ்சு
கொஞ்சம் யோசித்தது.
நான் மூச்சு விடவில்லை.
பிறகு உள்ளே போனது.
கதவில் இரண்டு தட்டல் கேட்டது.
எதற்கென்று தெரியாமல் நானும் இரண்டு தட்டினேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
பெல்ட் மாற்றப்பட்டது. மானியின் குழாயில் அடைப்பு.
"பழுதைக் கண்டவர்" என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்றது.
மரம் என்று எழுதினால்
மேலாளர் சாபிட் கையெழுத்துப் போடமாட்டார்.
என் பெயரையே எழுதினேன்.

காலை எட்டுக்கு ஏழாம் மாடியிலிருந்து அழைப்பு:
இப்போது குளிர்கிறதாம்.